தக்கலை முந்திரிக்கொத்து தாம்பரம் போகும் வழி: சிறுதொழிலுக்குச் சமூக ஊடகம்

"முந்திரிக்கொத்துன்னு போட்டிருக்கீங்க, அதுல முந்திரியே இல்லையே?"

சென்னையிலிருந்து ஒருவர் என் மைனிக்கு (அண்ணிக்கு) வாட்ஸப்பில் அனுப்பிய கேள்வி இது. மைனி குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீட்டிலேயே முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் போட்டு விற்கிறார். கேள்வியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது. ஏமாற்றுவதாக நினைத்துவிட்டாரோ என்ற கவலை. அன்றைக்குச் சாயங்காலமே அடுப்படியில் நின்று ஒரு வீடியோ எடுத்தோம். வறுத்த சிறுபயறைப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி, மூன்று உருண்டைகளைச் சேர்த்து அரிசிமாவில் முக்கி எண்ணெயில் விட்டால், மூன்றும் ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரி (திராட்சை) குலை மாதிரி மேலே வரும். பேரில் இருப்பது அந்த முந்திரி. நம்மூரில் அண்டிப்பருப்பு என்று சொல்கிற முந்திரிக்கு இதில் வேலையே இல்லை. மைனி இதைச் சொல்லிக்கொண்டே மூன்று கொத்து பொரித்துக் காட்டினார். நாற்பது நொடி வீடியோ. அதுவரை நாங்கள் போட்ட எந்தப் படத்துக்கும் வராத விசாரிப்பு அதற்கு வந்தது. முதல் ஆர்டர் கேள்வி கேட்ட அதே ஆளிடமிருந்து, தாம்பரத்துக்கு.

சமூக ஊடகத்தில் வியாபாரம் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் இந்த வீடியோவைத்தான் காட்டுகிறேன். கடைக்கு வருகிறவர் ஒன்று கேட்பார், நாம் பதில் சொல்வோம், அந்தப் பதிலில் ஒரு நம்பிக்கை வரும், அப்புறம்தான் பை நிறையும். வடசேரி சந்தையிலும் கருங்கல் சந்தையிலும் நடப்பது இதுதான். போனிலும் நடக்க வேண்டியது இதுதான். பலரும் போனை நோட்டீஸ் ஒட்டும் சுவராக நினைக்கிறார்கள். 'ஆஃபர், ஆஃபர்' என்று ஒட்டிக்கொண்டே போகிறார்கள். வாசலில் நின்று ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வாடிக்கையாளர் விஷயத்தில் நமக்கு மூன்று வேலை இருக்கிறது. நம்மைத் தெரியாதவர் கண்ணில் நாம் பட வேண்டும். பட்டவர் நம்மை நம்ப வேண்டும். ஒருமுறை வாங்கியவர் திரும்ப வர வேண்டும். இந்த மூன்றையும் ஒரே செயலி செய்யாது. கண்ணில் படுவதற்கு கூகுள் மேப்பும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், நம்புவதற்கு நம் பக்கத்தில் ஏற்கெனவே கிடக்கும் படங்களும் பதில்களும், திரும்ப வருவதற்கு வாட்ஸப். 'இன்ஸ்டாவில் ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஒரு ஆர்டரும் வரவில்லை' என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையைச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டிருப்பார்கள்.

உங்கள் ஆள் யார்?

செயலியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இதுவரை உங்களிடம் வாங்கியவர்களில் பத்துப் பேரை எழுதிப் பாருங்கள். எந்த ஊர், என்ன வயசு, எதற்காக வாங்கினார்கள். மைனியின் பத்துப் பேரில் நான்கு பேர் தக்கலை, அழகியமண்டபம் பக்கத்துக்காரர்கள். மீதி ஆறு பேர் இங்கே பிறந்து சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் என்று போனவர்கள், அல்லது அவர்களுக்குக் கொடுத்து அனுப்ப வாங்கிய வீட்டார். குமரி மாவட்டத்தின் சிறுதொழில் பலவற்றுக்கும் இது பொருந்தும். நம் சரக்கின் ருசி தெரிந்தவர்கள் மாவட்டத்துக்குள் மட்டும் இல்லை. அவர்களுக்கு நீங்கள் முந்திரிக்கொத்து என்றால் என்ன என்று விளக்க வேண்டாம்; அம்மா வீட்டு வாசனையைக் காட்டினால் போதும். சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கு விளக்கியே ஆக வேண்டும். ஒரே பொருள், இரண்டு பேச்சு.

இன்னொன்று, நாம் கேரள எல்லையில் இருக்கிறோம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம். களியக்காவிளை தாண்டினால் பேர் மாறிவிடும். நாம் ஏத்தங்காய் சிப்ஸ் என்பதை அந்தப் பக்கம் உப்பேரி என்பார்கள், சென்னையில் நேந்திரம் சிப்ஸ் என்பார்கள். தேடுகிறவர் தன் வாயில் வரும் பேரைத்தான் தட்டுவார். ஆகவே படத்தின் கீழ் எழுதும்போது மூன்று பேரையும் எழுதுங்கள். 'தேங்காய் எண்ணெயில் போட்ட ஏத்தங்காய் (நேந்திரம்) சிப்ஸ்' என்று தமிழில் ஒரு வரி, மலையாள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ஒவ்வொரு வரி. செலவில்லாத வேலை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. செந்துளுவன் விற்கிறவர் செவ்வாழை என்றும் எழுத வேண்டும். மட்டி வாழைப்பழம் விற்கிறவர், 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் ஒரு வரி சேர்க்கலாம். வெளியூர்க்காரர் 'இது என்ன பழம்' என்று நின்று பார்க்க அது உதவும்.

கூகுள் மேப்பில் கடையை வைப்பது

இது சமூக ஊடகம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். கடை வைத்திருப்பவருக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்க வந்தவரோ, பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு வெளியே வந்தவரோ, பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று போனில்தான் தேடுகிறார். அவர் அந்த நிமிடமே வாங்கத் தயாராக இருப்பவர். மேப்பில் கடையைப் பதியும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். கடைப் பேர், வகை, போன் நம்பர், திறக்கும் மூடும் நேரம், நாலைந்து நல்ல படம், இவ்வளவு போதும். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்கள் வீட்டு முகவரியை எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை. முகவரியை மறைத்து, எந்தெந்த ஊர்களுக்குக் கொண்டு கொடுப்பீர்கள் என்று மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

வாங்கியவரிடம் 'நல்லா இருந்துதுன்னா ரெண்டு வரி எழுதுங்க' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் காசு கொடுத்துப் பாராட்டு எழுதி வாங்காதீர்கள். ஒரே நாளில் இருபது பேர் ஒரே மாதிரி புகழ்ந்திருந்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். யாராவது குறை எழுதினால் கோபத்தில் உடனே எழுதாமல், ஒரு காப்பி குடித்துவிட்டு, என்ன நடந்தது, என்ன செய்து தருகிறோம் என்று மூன்று வரியில் எழுதுங்கள். அந்தப் பதிலைக் குறை சொன்னவரைவிட அடுத்து வருகிறவர்தான் கவனமாகப் படிப்பார்.

படமும் வீடியோவும்

இந்தியாவில் 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. சாதாரணப் படம் பெரும்பாலும் உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குத்தான் போகும். ரீல்ஸ் உங்களை அறியாதவருக்கும் போகும். புதிய ஆள் கண்ணில் பட வேண்டுமென்றால் வீடியோதான் வழி.

என்ன எடுப்பது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். டப்பாவைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள், பின்னால் சினிமாப் பாட்டு ஓடும். நான் சொல்வது, கைவேலையைக் காட்டுங்கள். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவரின் விரல்கள் அரளியையும் பச்சை நொச்சி இலையையும் மடித்து வரிசை பிடிப்பதைப் பத்து நொடி பார்த்தால் யாரும் நின்றுவிடுவார்கள். மயிலாடியில் கல்லில் உளி விழும் சத்தத்துக்குப் பாட்டே வேண்டாம். வடசேரியில் கோயில் நகைக்குச் சிவப்புக் கல் பதிப்பதும் அப்படித்தான். இவையெல்லாம் உங்களுக்குத் தினசரி வேலை, அதனால் சாதாரணமாகத் தெரியும். பார்க்கிறவருக்கு அப்படி இல்லை.

அடுத்தது, வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். இதைவிட நல்ல சுரங்கம் கிடையாது. மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் அங்கே வந்தபின் தேனீ வளர்ப்பு ஊர்த் தொழிலாகவே ஆகிவிட்டது. தேன் விற்கிறவரிடம் எப்போதும் வரும் புகார், 'தேன் உறைஞ்சு போச்சு, சர்க்கரை கலந்திருக்கீங்க.' உண்மையில் நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டத்துத் தேன். ரப்பர் இலையுதிர்த்து, தை மாசி வாக்கில் புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன்சுரப்பிகள் சுரக்கும். தேனீ எடுப்பது அதைத்தான், பூவிலிருந்து இல்லை. அந்தத் தேன் சீக்கிரம் உறையும் இயல்புள்ளது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். இதைத் தோட்டத்தில் நின்று, தளிரைக் கையில் பிடித்துக் காட்டி ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? சந்தேகம் கேட்டவர்களே அடுத்தவருக்கு அந்த வீடியோவை அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமாதானம் சொல்லும் வேலையும் மிச்சம்.

ஆகவே போனில் ஒரு குறிப்பைத் திறந்து, யார் என்ன கேட்டாலும் அதே வார்த்தையில் எழுதி வையுங்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? இனிப்பு கம்மியாக் கிடைக்குமா? கல்யாணத்துக்கு ஐந்நூறு பாக்கெட் முடியுமா? ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. மூன்று மாதத்துக்கு விஷயம் தீராது.

எடுக்கும் முறைக்குப் பெரிய கருவி வேண்டாம். காலை எட்டு எட்டரைக்கு வீட்டு முற்றத்து வெளிச்சம் எந்த விளக்கையும்விட நல்லது. லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கை பட்ட போனில் எல்லாமே மங்கலாகத்தான் விழும். முதல் மூன்று நொடியில் பொருளோ கையோ தெரிய வேண்டும். 'வணக்கம் நண்பர்களே' என்று தொடங்கும் நேரத்தில் பார்ப்பவர் அடுத்ததற்குத் தள்ளிவிட்டிருப்பார். பலரும் சத்தமில்லாமல் பார்ப்பதால் சொல்வதை எழுத்திலும் போடுங்கள். இன்ஸ்டா கணக்கைத் தொழில் கணக்காக மாற்றியபின் சினிமாப் பாட்டு பல கிடைக்காது, உரிமைச் சிக்கலும் உண்டு. எண்ணெய் பொரியும் சத்தமும் உங்கள் குரலுமே இருக்கட்டும். குமரிப் பேச்சில் பேசினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று பயப்பட வேண்டாம். வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நிற்பார்.

வாரம் இரண்டு போதும். தினமும் ஐந்து போட்டு இரண்டாம் வாரமே சோர்ந்து நிறுத்துவதைவிட, செவ்வாய்க்கு ஒன்று சனிக்கு ஒன்று என்று ஆறு மாதம் போவது மேல்.

விலை பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. விலையை வெளிப்படையாகப் போடுங்கள். 'விலைக்கு இன்பாக்ஸில் வரவும்' என்று எழுதினால் ஆள் பார்த்து விலை சொல்கிறார்கள் என்றுதான் பலர் நினைப்பார்கள். எத்தனை கிராம், என்ன விலை, தபால் செலவு எவ்வளவு, எத்தனை நாளில் வரும், எல்லாம் படத்தின் கீழேயே இருக்கட்டும். பக்கத்தின் முகப்பில் என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எப்படி ஆர்டர் செய்வது, இந்த மூன்றும் போதும்.

விற்பனை முடியும் இடம்

நம் ஊர்களில் கடைசி 'சரி, அனுப்புங்க' வாட்ஸப்பில்தான் வருகிறது. சொந்த நம்பரிலேயே எல்லாவற்றையும் நடத்தாமல் தொழிலுக்குத் தனி சிம் வாங்கி, வாட்ஸப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். 2018-ல் வந்தது, இலவசம். பொருள்களைப் படமும் விலையுமாக அடுக்கும் கேட்டலாக் அதில் உண்டு. அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைத்து இரண்டு எழுத்தில் வரவழைக்கலாம். 'பணம் வரணும்', 'பார்சல் போட்டாச்சு' என்று ஒவ்வொருவர் பேரிலும் அடையாளம் ஒட்டலாம். மைனி இந்த அடையாளங்களைப் பழகியபின் ஒரு பார்சலும் விட்டுப்போகவில்லை.

குரூப் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், பெண் வாடிக்கையாளர்களுக்கு அது பெரிய தொல்லை. பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தியாகப் போகும். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச்சேரும். இதைத் தெரியாமல் 'நூறு பேருக்கு அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை' என்பவர்கள் நிறைய. பார்சலுக்குள் ஒரு சிறு சீட்டில் 'இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதிதாகப் போடும் நாளில் சொல்கிறோம்' என்று எழுதி வையுங்கள். கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள், நிறையப் பேர் புகார் செய்தால் நம்பரையே முடக்கிவிடுவார்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். மற்ற நாள்களுக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸ் இருக்கிறது, விருப்பமுள்ளவர் பார்த்துக்கொள்வார்.

பதிலின் வேகம் முக்கியம். இரவு பத்து மணிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'காலை 9 முதல் மாலை 7 வரை பதில் சொல்வோம்' என்று தானியங்கிச் செய்தி வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குள் தவறாமல் சொல்லுங்கள்.

காசு கொடுத்து விளம்பரம்

முதல் இரண்டு மாதம் வேண்டாம். ஒரு வீடியோ தானாகவே நாலு பேரை ஆர்டர் செய்ய வைத்திருந்தால், அதற்கு மட்டும் காசு போடுங்கள். யாரும் அசையாத வீடியோவுக்குக் காசு போட்டால், அசையாதவர்கள் இன்னும் அதிகம் பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். மைனிக்காக முதல் விளம்பரம் போட்டபோது நான் அதை 'இந்தியா' என்றே விட்டுவிட்டேன். தமிழே தெரியாத ஊர்களிலிருந்து விருப்பக்குறி மட்டும் குவிந்தது, ஒரு பாக்கெட்டும் போகவில்லை. அடுத்த முறை நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று மட்டும் வைத்தேன். பார்த்தவர்கள் குறைந்தார்கள், கேட்டவர்கள் கூடினார்கள்.

கணக்கும் எளிது. 500 ரூபாய் விளம்பரத்துக்கு நான்கு ஆர்டர் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆர்டருக்கு 125 ரூபாய் விழுகிறது. ஒரு பார்சலில் உங்களுக்கு நிற்பது 80 ரூபாய் என்றால் முதல் ஆர்டரில் நஷ்டம். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் மூன்று முறை திரும்ப வாங்கினால் லாபம். மூன்றாவது வேலை, அதாவது திரும்ப வரவைப்பது, சரியாக நடக்காத வரை விளம்பரம் ஓட்டைப் பானை.

இதை அறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புதிதாக யார் வந்தாலும் 'எங்களை எப்படித் தெரிஞ்சுது?' என்று கேட்டு எழுதுங்கள். விருப்பக்குறி எண்ணிக்கையைவிட அந்த நோட்டு உண்மை சொல்லும்.

சில எச்சரிக்கைகள்

உணவுப் பொருள் விற்றால் வீட்டிலிருந்து செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கேரளத்துக்குப் பொருள் அனுப்பி விற்கிறவர்கள் ஜிஎஸ்டி விதியை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; வெளிமாநில விற்பனைக்கு விதி வேறு. தேனுக்கும் கருப்பட்டிக்கும் 'சர்க்கரை நோய் குணமாகும்' என்றெல்லாம் எழுதவே கூடாது. அது பொய், சட்டப்படி குற்றமும்கூட, நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

மோசடி பற்றியும் சொல்ல வேண்டும். 'ராணுவ அதிகாரி பேசுகிறேன், ஐம்பது கிலோ வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்று ஒரு அழைப்பு வரலாம். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் கேட்டாலே உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். வாட்ஸப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (உள்ளே நுழைய இன்னொரு எண்ணும் கேட்கும் பூட்டை) இன்றே போடுங்கள். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், 'பக்கம் முடங்கப்போகிறது' என்று பயமுறுத்துகிறவரிடம் குறிப்பாக.

எப்போது என்ன போடுவது

நம் மாவட்டத்தில் வியாபாரம் நாள்காட்டியோடு ஓடும். ஓணத்துக்கு ஏத்தங்காய் சிப்ஸ். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வரும் சீசன், தை வரைக்கும். அதற்குள்ளேயே கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. பள்ளி விடுமுறைக்கு வளைகுடாக் குடும்பங்கள் ஊர் வந்து திரும்பும்போது பெட்டியில் பலகாரம் கேட்பார்கள். திருவிழா அன்றைக்கு வாழ்த்துப் படம் போடுவதில் பயன் குறைவு. மூன்று வாரம் முன்பே 'ஆர்டர் இந்தத் தேதி வரை' என்று சொல்ல வேண்டும். பார்சல் போய்ச்சேர நாள் வேண்டும், மழைக்காலமானால் இன்னும் ஒருநாள் கூட. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது, சிப்ஸ் நமுத்துவிட்டால் பேர் கெட்டுவிடும்.

மைனி இந்த வருஷ ஓணத்துக்கு, போன வருஷ நோட்டிலிருந்து சிப்ஸ் வாங்கியவர்களை மட்டும் தனிப்பட்டியலாக்கி வைத்திருக்கிறார். ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாள் பிறப்பதற்கு இருபது நாள் முன்பு அவர்களுக்கு ஒரே ஒரு செய்தி போகும். அதற்கான படத்தை முற்றத்து வெளிச்சத்தில் எடுத்தாகிவிட்டது. விலைதான் இன்னும் எழுதவில்லை, ஏத்தங்காய் குலை சந்தையில் என்ன விலைக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போடலாம் என்றிருக்கிறார்.